தேருக்கு முன்னால் ஆறு லோரி

ஹலோ... ஹலோ, முதலாளியா? நான்தாங்க, கணக்கு எழுதற கிராணி நாகையா... ஆமாங்க, தோட்டத்து ஆபீஸ்லேர்ந்து பேசறேன்... மேளச் சத்தங்க அது. இன்னிக்கு இங்க மாரியம்மன் தேரு... கொஞ்சம் உரக்கப் பேசுங்க...

இல்லீங்க. கல்லு இன்னும் துறைமுகத்துக்குப் போகலை... ஆமா, ஆமா, பன்னண்டு மணிக்குள்ளன்னு சொன்னீங்க... ஆமாங்க, இஞ்சினியர் துரை காத்துக்கிட்டு இருப்பாரு... சொல்றேங்க, சொல்ல விடுங்க.

நம்ம லோரி ஆறு கல்லை ஏத்திக்கிட்டுப் போகுது. எதிர்த்தாப்புல தேரு வருது. ரோட்டு அகலந்தான் உங்களுக்குத் தெரியுமே, ரெண்டு மாட்டு வண்டி ஒதுங்க முடியாது. ரெண்டு பக்கமும் கால்வாய்... தேரைப் பின்னால தள்ளறதா? சாமி தேரு பின்னால போகுமாங்க?... லோரியும் போகாது. அவ்வளவு பாரத்தோட பின்னால எடுத்தா கரை சரிஞ்சிரும்... அதுக்குள்ள தேர்ச் சக்கரம் குழியில இறங்கிப் போச்சு. அச்சு வரைக்கும்...

யாரு வெட்டின குழியா? நம்ம லோரி வெட்டினதுதாங்க. மூணு மாசமா ஓட்டறோமே.

...சிரிக்கலீங்க. மூச்சு வாங்குது. நானும் வடம் பிடிச்சேன்... மன்னிச்சுக்கங்க, சிரிப்புதான்.

கல்லா? கல்லைக் குழியில கொட்டியாச்சு... ஆறு லோரியும்தான். ஊரே மேல ஏறி அள்ளிப் போட்டுச்சு, டிரைவர் கன்னையா பாட்டு வேற பாடறான். காலி லோரி பின்னால போகுமில்லீங்களா, அது போகப் போக தேரு கல்லு மேல ஜம்முனு வருது. அரை மைலுங்க... என் பத்து வருஷ வேலையில இப்படி ஒரு ரோடு பார்த்ததில்லை.

...சரிங்க... சரிங்க... நாளையிலேர்ந்து வேலைக்கு வரவேணாமா. சரிங்க, முதலாளி.

...உத்தரவா? நான் எப்படிங்க உத்தரவு கொடுப்பேன். அம்மாதான் கொடுத்தாங்க... நம்ம புஷ்பவல்லி அம்மாங்க, உங்க வீட்டம்மா. காலையிலயே பூசைக்கு வந்துட்டாங்க. குழியும் நம்மளுது, கல்லும் நம்மளுது, கொட்டுங்கன்னாங்க...

ஹலோ?... இருக்கீங்களா?... அப்ப என் வேலை?... இருக்கா? ரொம்ப சந்தோஷங்க.

அடுத்த ஆறு லோரியா? கல்லுமலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. கோயில் வாசல் வரைக்கும் இன்னும் கால் மைல் குழியா கெடக்கு, அதான் அம்மா... இதோ, பக்கத்துலதான் நிக்கிறாங்க. போனைக் கேக்கறாங்க, கொடுக்கறேன்... ஹலோ? முதலாளி?... ஹலோ?

அம்மா, ஐயா வச்சுட்டாருங்க... கொட்ட வேணாம்னு சொல்லலை.