வேலிக்கு மேலை எழும்பின மூடி

இல்லைப் பிள்ளை, திங்கக்கிழமை எண்ட கதையை விடுங்கோ. திங்கள் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன உத்தியோகத்தர் எத்தினை பேரை நான் கண்டிட்டன். எந்தத் திங்கள் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லுறேல்லை. ஸ்கூட்டியை உந்த வேம்புக்குக் கீழை விடுங்கோ, சீற் சுடாது. பெட்டிசம் எழுதின தில்லைநாதன் நான்தான். காலமை உங்கடை பிரதேசசபைக் கந்தோர் திறக்க முன்னமே வாசலிலை நிண்டு குடுத்தனான். அவசரம் எண்டு எழுதிக் கீழை கோடும் போட்டிருக்கிறன், பாத்திருப்பியள்.

உள்ளுக்கு வரத் தேவையில்லை, படலையடியிலை நிண்டே பாக்கலாம். உந்தத் தகர வேலிக்கு மேலாலை பாருங்கோ. கறுப்பா, வட்டமா, பெரிய கிடாரத்தைக் கவிட்டு வைச்ச மாதிரி. தெரியுதோ? அதுதான் சுதாகரன் வீட்டுக் காஸ் தாங்கி. கீழை சாணமும் குப்பையும் புளிச்சுக் கிடக்குது. காஸ் சேரச் சேர உந்த மூடி எழும்பும், அடுப்பிலை எரிக்க எரிக்க இறங்கும். இப்ப பாருங்கோ, இதுக்கு மேலை எழும்ப அதுக்கு இடமில்லை. மணக்குதோ? ஓம், அழுகின முட்டை. மூக்கைப் பொத்துங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.

வெடிக்காதோ? எரிக்காமல் விட்டால் காஸ் விளிம்பாலை குமிழி விட்டு வெளியிலை போயிடும், அதுதான் மணமோ? அப்பிடியோ. படிச்சனியள், சொல்லுறியள். முந்தி உங்கடை கந்தோரிலையிருந்து வந்தவையும் வடிவாத்தான் விளங்கப்படுத்தினவை. உந்தத் தாங்கிக்குத் திறப்புவிழாவெண்டு வந்து, பந்தல் போட்டு, நாடா வெட்டி, ஒரு பெரியவர் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, இனி இந்த ஊரிலை குப்பை எண்ட சொல்லே இருக்காது எண்டார். பேச்சு முடிய வந்தவைக்கெல்லாம் உக்காத வெள்ளை றெஜிபோம் பெட்டியிலை சாப்பாடு. திண்டுபோட்டுப் பெட்டியை எங்கை போட்டவை எண்டு நினைக்கிறியள்? என்ரை படலையடியிலை. நான்தான் குனிஞ்சு பொறுக்கினது.

உங்கடை குப்பை ட்ராக்டர் மட்டும் என்ன திறம்? உக்கிறது பச்சைப் பையிலை, உக்காதது மற்றப் பையிலை எண்டு எங்களைக் கொண்டு பிரிப்பிக்கிறியள். நான் பிரிச்சு, மீன்முள்ளு வேறை, பொலித்தீன் வேறை, கழுவிக் காயவைச்சுக் கட்டிக் குடுக்கிறன். உங்கடை ஆள் என்ன செய்யிறான்? இரண்டையும் பிச்சு ஒரே பெட்டிக்குள்ளை கொட்டுறான். கேட்டால், ஐயா, அங்கை போய் எல்லாம் ஒண்டாத்தானே எரியப்போகுது எண்டுறான். உவங்களுக்குச் சம்பளம் வேறை.

சரி, கோவிக்காதேங்கோ. நீங்கள் புதுசு, உங்களைச் சொல்லேல்லை.

இல்லை, தாங்கி பிழையெண்டும் நான் எழுதேல்லை. தாங்கியிலை என்ன பிழை? பிழை இந்த ஒழுங்கைச் சனத்திலை. நாட்டிலை காஸ் இல்லாமல் போன நேரம் நினைவிருக்கோ? உங்களுக்கு அப்ப படிக்கிற வயசாயிருக்கும். வெறும் சிலிண்டரை ஒண்டோடை ஒண்டு சங்கிலியாலை கட்டி ரோட்டிலை வரிசையா வைச்சிட்டு, பக்கத்திலை பாய் விரிச்சுப் படுத்த சனம் இது. அங்காலை மதில் வீடு தெரியுதே, அது தியாகராசா வீடு. தபால் கந்தோரிலை பெரியவரா இருந்தவர். இப்பவும் ஒழுங்கையாலை போகேக்கை எல்லாரும் எழும்பி நிக்கவேணும் எண்ட நினைப்பிலை நடக்கிற மனுசன். அவரும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு சிலிண்டரை உருட்டினவர். நான் கண்ணாலை கண்டனான்.

அந்த நேரந்தான் உந்தத் தாங்கி வந்தது. சுதாகரனுக்கு வளவு பெரிசு. களப்பிலை தொழில், மீன்குடலுக்கும் செதிலுக்கும் குறைவில்லை, மாடும் நிண்டது. அதாலை உங்கடை கந்தோராக்கள் அங்கை வைச்சவை. அவையள் கடல் சனம், பிள்ளை. நான் வேறை ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அந்த வளவிலை ஒரு மிடறு தண்ணி வாயிலை வைச்சவன் இந்த ஒழுங்கையிலை ஒருத்தனும் இல்லை. அதையும் நான் சொல்லத்தான் வேணும்.

பேந்தென்ன? காஸ் இல்லையெண்ட உடனை எல்லாருக்கும் அந்த வளவுக்கு வழி தெரிஞ்சிட்டுது. ஆளுக்கொரு வாளி. மரக்கறித் தோல், பழஞ்சோறு, கலியாண மண்டபத்திலை மிஞ்சின சாம்பார். முன்வீட்டுக் கோபிசங்கரின்ரை தாய், பக்கத்து வீட்டு மீன்கறி மணம் வந்தாலே சன்னலைச் சாத்துற மனுசி, அவவும் வாளியோடை போய், தங்கச்சி ஞானாம்பிகை, சுகமா இருக்கிறியோ எண்டு சுதாகரன்ரை மனுசியைக் கேட்டவ. தங்கச்சியாம்! அங்கையிருந்து குழாய் இழுத்து நாலைஞ்சு வீட்டுக் குசினிக்கு அடுப்பெரிஞ்சது. நீல நெருப்பு. பானையிலை கரி பிடிக்காது. எல்லாருக்கும் சந்தோசம்.

என்ரை குசினிக்கு நான் குழாய் இழுக்க விடேல்லை. பனை ஊமலும் தென்னம்பாளையும் எரிச்சுத்தான் சமையல். ஆனால் குப்பை குடுத்தது. குடுக்கிறதிலை என்ன இருக்குது? குடுக்கலாம். வாங்கினாத்தானே. நான் அந்தப் பக்கம் காலடி வைச்சதில்லை. வாளிதான் போய் வந்தது.

பொறுங்கோ, சொல்லி முடிக்கிறன். ஹெல்மெற்றைக் கழட்டுங்கோவன், தலை அவியும்.

கோயில் கொடியேறிச்சுது. கொடியேறினால் இஞ்சை வீடு முழுக்கச் சைவம், தெரியுந்தானே. அப்பதான் தியாகராசருக்கு ஞானம் பிறந்தது. சட்டியிலை மீன், மச்சம் இல்லை, சரி. நெருப்பு மச்சத்திலையிருந்தெல்லோ வருகுது? மீன்குடலிலை வந்த நெருப்பிலை அவிச்ச சோத்தை விரதத்துக்கு என்னெண்டு சாப்பிடுறது? மனுசன் யோசிச்சுக் கண்ட வழியைக் கேளுங்கோ. கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடர் ஒரு பைக்கற். கொண்டுபோய்த் தாங்கி வாய்க்குள்ளை அப்பிடியே கொட்டிப்போட்டார். நெருப்பைக் கழுவினவராம்! அரசாங்கம் இவருக்கு இவ்வளவு காலமும் பென்சன் குடுக்குது.

ஓம், நீங்கள் சிரிக்கிறியள். உள்ளுக்கு இருந்த கிருமியெல்லாம் செத்துப்போச்சுது. அதுகள்தானே காஸ் விடுறது. நெருப்பு நிண்டிட்டுது. சனம் என்ன செய்தது எண்டு நினைக்கிறியள்? தியாகராசரை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. சுதாகரன் தாங்கியைப் பழுதாக்கிப்போட்டான் எண்டுதான் கதை. பேந்து கடையிலை சிலிண்டர் வந்த அண்டைக்கே எல்லாருக்கும் மூக்குத் திறந்திட்டுது. ஐயோ மச்ச மணம், ஐயோ இவ்வளவு நாளும் என்னெண்டு சகிச்சம் எண்டு, குழாயை வெட்டி எறிஞ்சினம். தங்கச்சி எண்டு கூப்பிட்ட மனுசி பேந்து ரோட்டிலை கண்டாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புறேல்லை. இதுகள் சனம்!

நான் அப்பிடி இல்லை. நான் தொடக்கத்திலையும் போகேல்லை, முடிவிலையும் திட்டேல்லை. ஒரே கோடு.

தாங்கியைத் திரும்ப எழுப்பினதோ? அது அந்த வீட்டு மருமகள். அப்ப மருமகள் இல்லை, வந்துபோற பிள்ளை. கமத்தொழில் பட்டப்படிப்புப் படிச்சது. சுதாகரன்ரை மகன் பிரவீணன் அள்ள, இது நிண்டு சொல்ல, பழசெல்லாத்தையும் வெளியிலை எடுத்து, புதுச் சாணம் கரைச்சு விட்டு, முதல் கொஞ்ச நாள் சாணத்தைத் தவிர ஒண்டும் போடவிடேல்லை. பேந்து கொஞ்சங் கொஞ்சமா மீன்குடல், கொஞ்சங் கொஞ்சமாச் சோறு. ஒரேயடியாச் சோத்தைக் கொட்டினாப் புளிச்சுப்போமாம். முழங்கை மட்டும் சாணி. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினது சாணிக்குள்ளை கை விடவோ? கந்தோரிலை காத்தாடிக்குக் கீழை கதிரையிலை இருக்கவேண்டிய பிள்ளை. வடிகிற கழிவைப் பாத்தியிலை விட்டுக் கத்தரி வைச்சிருக்குது. காய் ஒவ்வொண்டும் கைமொத்தம். என்ன பிரயோசனம்? கத்தரிக்காயை ஆருக்குக் காட்டுறது?

அப்ப இந்த வேலி தகரமில்லை. கிடுகு. உக்கி ஓட்டை விழுந்த கிடுகு. அதாலைதான் தெரிஞ்சது. பேந்து அதைப் பிரிச்செறிஞ்சு தகரம் அடிச்சன். ஆள் உயரத்துக்கு மேலை. அந்த வளவிலை நடக்கிறதொண்டும் என்ரை கண்ணிலை படக்கூடாது எண்டு அளந்துதான் அடிச்சது. ஒரு இலை தெரியாது. ஆனால் உந்தச் சனியன் மூடி! அது மட்டும் காலமை எழும்பி வேலிக்கு மேலாலை என்னை எட்டிப் பாக்குது.

காலமை தேத்தண்ணிக்குக் கொஞ்சம் இறங்கும். பத்து மணிக்குப் பிறகு மளமளவெண்டு இறங்கும், அது சோறும் கறியும். மீனெண்டால் கெதியா முடிஞ்சிடும், பயறெண்டால் கனநேரம் எரியும். பின்னேரம் பிட்டவிச்சால் மூடி தகரத்துக்குக் கீழை போயிடும், அதுக்குப் பிறகு விடியுமட்டும் எனக்கு ஒண்டும் தெரியாது. இடையிலை கொஞ்சநாள் காலமை இறங்கவே இல்லை. தேத்தண்ணி மணம் வயித்தைக் குமட்டியிருக்கும். பேந்து பழையபடி.

ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது? நான் ஏன் பாக்கிறன்? கண்ணுக்கு முன்னாலை கொண்டுவந்து வைச்சால் மனுசன் என்ன, கண்ணைக் கட்டிக்கொண்டோ இருக்கிறது? சங்கக்கடையிலை மனேச்சரா இருந்தனான். தராசு முள்ளுப் பாத்துப் பழகின கண். தன்ரைபாட்டிலை பாக்கும்.

போய்ச் சொல்லலாந்தானே எண்டு சொல்லாதேங்கோ பிள்ளை. நான் அந்த வீட்டோடை கதைக்கிறேல்லை. போனும் இல்லை. இருந்த நம்பரை நானே அழிச்சுப்போட்டன். தியாகராசா வீட்டிலை கேக்கிறதோ? அந்தாள் அதுக்குத்தானே காத்துக்கொண்டிருக்குது. இந்த ஒழுங்கை முழுக்கக் கேக்க நான் நடு ரோட்டிலை நிண்டு, எனக்கு அந்த வீட்டிலை ஆரும் இல்லை எண்டு சொன்னனான். சொன்ன வாயாலை இப்ப போய் என்னெண்டு கேக்கிறது?

அறிவித்தல் ஒட்டவேண்டாம். படமும் எடுக்கவேண்டாம். நீங்கள் போனாக் காணும். அரசாங்க ஆள், தாங்கியைப் பாக்க வந்தனான் எண்டு சொன்னால் எந்தப் படலையும் திறக்கும். அதுக்குத்தான் பெட்டிசம் எழுதினது. வேறை வழி எனக்குத் தெரியேல்லை.

புதன்கிழமை மத்தியானம் மூடி இறங்கினதுதான் கடைசி. பின்னேரம் இறங்கேல்லை. பொழுதுபட ஓட்டோ ஒண்டு வந்து நிண்டு, உடனை திரும்பிப் போன சத்தம் கேட்டது. ஆரோ அழுத மாதிரியும் கிடந்தது, தகரத்துக்குள்ளாலை வடிவாக் கேக்கேல்லை. வியாழன் முழுக்க மூடி எழும்பிக்கொண்டே போச்சுது. இண்டைக்கு வெள்ளி. இந்த மணமும் நேற்றுப் பின்னேரந்தான் தொடங்கினது. எரிக்காட்டித்தான் மணக்குமெண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். அப்ப அந்த வீட்டிலை இரண்டு நாளா ஒருத்தரும் அடுப்பு மூட்டேல்லை.

அவளுக்கு ஏழாம் மாசம். கடையிலை கதைச்சுக்கொண்டு நிண்டவை, காதிலை விழுந்தது. தக்சாயினி எண்டு பேர். ஓம், வாளி கொண்டுபோனவள் அவள்தான். வேறை ஆரை அனுப்புறது, வீட்டிலை நாங்கள் இரண்டு பேர்தானே. அவளின்ரை தாய் உயிரோடை இருந்தால் உந்தத் தகரத்தைக் கையாலை கிழிச்சுக்கொண்டு எப்பவோ போயிருப்பாள்.

அங்கை ஒருத்தரும் இல்லாட்டி உந்தத் தியாகராசா வீட்டிலை கேளுங்கோ, உங்களுக்குச் சொல்லுவினம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட், பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்பிடி. இதை மட்டும் கேட்டாக் காணும். நான் கேட்டனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பெட்டிசத்தைக் கிழிச்சுப் போடுங்கோ. திரும்பேக்கை மற்ற ரோட்டாலை போகாமல் இதாலையே வாங்கோ பிள்ளை. நான் இதிலைதான் நிப்பன்.