உப்பு மூட்டை

மாலை ஆறரை மணி. ஊருக்கு நடுவில் ஒரு பெரிய பூங்கா. பேருக்குத்தான் பூங்கா, உள்ளே போனால் காடு. மான், மயில், நரி... எல்லாம் உண்டு. பாதைகள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும்.

எங்கள் வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனுடைய அக்கா கணவருக்கு நடந்தது இது. லிப்ட் மெக்கானிக். குறுக்கு வழி என்றால் அவருக்கு உயிர், அதனால் வீட்டிலேயே பேர் 'ஷார்ட்கட்'. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

அன்று அவரும் சின்ன மகளும்தான் உள்ளே போனார்கள். மனைவிக்கு முழங்கால் வலி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க. பாப்பா கைய விட்டுடாதீங்க."

விட்டார். வந்த வழியே திரும்பாமல் குறுக்கே புகுந்து, பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் மாட்டிக்கொண்டு, வழி பார்க்க அவள் கையை விட்டுப் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"அப்பா, கால் வலிக்குது. உப்பு மூட்டை தூக்குங்க."

குரல் முதுகுப் பக்கம். திரும்பாமலே குனிந்தார். இரண்டு சின்னக் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. சில்லென்று... ஈர மண் வாசனையோடு. பனி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

நடந்தார். எதிரே நின்ற மான்கள் அவரைப் பார்த்ததும் சிதறி ஓடின. பின்னால் சருகு நொறுங்கியது. சரக்... சரக்... அவர் நின்றார். அது நிற்கவில்லை. கூடவே அழுவது மாதிரி ஒரு சத்தம்.

"என்ன பாப்பா அது?"

"நரிப்பா. திரும்பாதீங்க... ஓடுங்க."

பெற்ற பிள்ளை முதுகில் இருக்கும்போது எந்த அப்பன் நின்று பார்ப்பான்? தலைதெறிக்க ஓடினார். பாதை பிரியும் இடமெல்லாம் காதோரம் அவளே வழி சொன்னாள். "இடது பக்கம்... இப்ப வலது பக்கம்..." எல்லாம் சரியாகவே இருந்தது. பின்னால் கேட்ட அழுகை தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. வாசல் விளக்கு தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

மனைவி எழுந்து ஓடி வந்தார்.

"என்னங்க, கைய பின்னால கட்டிக்கிட்டு, கூன் போட்டு வரீங்க? பாப்பா எங்க?"

அப்போதுதான் தெரிந்தது, முதுகில் கனமே இல்லை.

இருட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "பாப்பா!"

எங்கோ உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. அழுது ஓய்ந்த குரல். இப்போது அதில் பயம் இல்லை, பக்கத்தில் வந்து நிற்கும் யாரிடமோ பேசுகிற மாதிரி இருந்தது.

"வந்துட்டீங்களாப்பா? என்னையும் தூக்குங்க."