மேற்குச் சுவரில் காற்றின் கண்

சொர்ணலதா: இது என்ன கண்டக்டரே, செவருல இம்புட்டுப் பெரிய பொந்து? எலி போட்டுச்சா?

பொன்னுராஜ்: வாங்க தோட்டக்காரம்மா. எலி இல்ல, கொத்தனாரு. நம்ம ராஜபாண்டி.

சொர்ணலதா: எலின்னாலும் பூனைய விட்டுப் பிடிக்கலாம். இவன என்ன செய்ய? எந் தோட்டத்துல நின்னு பாத்தா ஒங்க அடுப்படியில கொதிக்கிற சோறு தெரியுது!

பொன்னுராஜ்: அங்கன இருந்து பாத்தா அடுப்படி. இங்கன இருந்து பாத்தா... அடேயப்பா! ஒங்க திராட்சைப் பந்தல். அதுக்கு அங்கிட்டு கேரளா மலை. அதுக்கும் அங்கிட்டு அரபிக்கடல். கப்பல் ஒண்ணு போகுது பாருங்க...

சொர்ணலதா: கப்பலு! ஓடைப்பட்டியில நின்னுக்கிட்டு...

பொன்னுராஜ்: பாய்மரம் வெள்ளையா இருக்கு.

சொர்ணலதா: வெளையாடாதீக. அடுத்தவுக எடத்தப் பாத்து ஜன்னல் வச்சா, அவுகள ஒரு வார்த்தை கேக்கணும். இந்த ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா?

பொன்னுராஜ்: தெரியாம இருக்குமா? கெழக்குச் செவருல ஜன்னல் வைக்கப்போறேன்னு ஒங்க தோட்டத்துக்கே வந்து சொன்னேனே. அங்கன கரிக்கோடுகூடப் போட்டு வச்சேன்.

சொர்ணலதா: சொன்னீக. பந்தலுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு வந்து, மெனக்கெட்டுச் சொல்லிட்டுப் போனீக. அப்புறம் எப்படி மேக்க ஓட்டை விழுந்துச்சாம்?

பொன்னுராஜ்: ராஜபாண்டிக்குத் திசை மாறிப்போச்சு போல. காலையில வெறும் வயித்தோட வந்திருப்பான்...

சொர்ணலதா: திசை தெரியாத கொத்தனாரு! கோயில் கட்டச் சொன்னா கொளம் வெட்டுவான். இப்ப எங்கன போயிட்டான்?

பொன்னுராஜ்: டீக்கடைக்கு. கலவையக் கொழைச்சு வச்சுட்டுப் போயிருக்கான். வந்ததும் ஒரே கேள்விதேன் கேப்பான். ஜன்னல் நெலைய நிப்பாட்டவா, செங்கல்ல வச்சு அடைக்கவா? ரெண்டுக்கும் அதே கலவைதேன்.

சொர்ணலதா: செங்கல்லுன்னு சொல்லுங்க. எம் மகன் அஜய்குமாருக்கு யாரோ போன்ல சொல்லிட்டாக. வேன்ல தகரச் சீட்டு ஏத்திக்கிட்டு சின்னமனூர்ல இருந்து வந்துக்கிட்டிருக்கான். நீங்க அடைக்கலைன்னா, இங்கிட்டு ஆளுயரத்துக்குத் தகரத்த அடிச்சு மறைச்சுப்புடுவான்.

பொன்னுராஜ்: தகரமா? இந்தக் காத்துக்கு அது ராவும் பகலும் தடதடன்னு பேசிக்கிட்டேல்ல கெடக்கும்?

சொர்ணலதா: ஒங்களவிடவா?

பொன்னுராஜ்: என்னையவிட ஒருத்தன் பேசுறதா! அதுக்குப் பயந்தே அடைச்சிர்றேன். ஆனா அடைக்கிறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு. இதுக்கு இங்கிலீசுல என்ன பேரு?

சொர்ணலதா: விண்டோ. நானும் பத்தாப்பு படிச்சவதேன்.

பொன்னுராஜ்: அந்தச் சொல்லு எங்கன இருந்து வந்துச்சு தெரியுமா? நான் ரிட்டையர் ஆனப்ப டிப்போவுல ஒரு தடி டிக்சனரி குடுத்தாகல்ல...

சொர்ணலதா: எல்லாருக்கும் செவர்க்கடியாரம் குடுப்பாக. ஒங்களுக்கு மட்டும் ஏன் அது?

பொன்னுராஜ்: வீட்டுல ஒக்காந்து படிச்சா வாய் அடங்கும்னு நெனச்சுருப்பாக, பாவம். நானும் கடைசிப் பக்கத்துல இருந்து படிச்சுக்கிட்டு வர்றேன்.

சொர்ணலதா: கடைசியில இருந்தா? எந்த ஊருப் படிப்பு அது?

பொன்னுராஜ்: கண்டக்டர்ல! பின்படியிலதேன் ஏறுவேன். இசட்டு, ஒய்யி எல்லாம் தாண்டி டபுள்யூவுக்கு வந்தேன். விண்டோவுல வண்டி நின்னுபோச்சு. எறங்கவே மனசில்ல.

சொர்ணலதா: அப்படி என்ன அதுல...

பொன்னுராஜ்: வடக்க, ரொம்ப வடக்க, ஒரு பனிநாடு. மூச்சு விட்டா மூச்சு ஒறைஞ்சு கல்லா விழுகும். அதப் பொறுக்கியே வீடு கட்டலாம்...

சொர்ணலதா: ஐயா, கண்டக்டரே! மரியாதையாச் செவர அடைச்சுருங்க! ஒரு பொம்பள தோட்டத்துல வேலை பாக்க வேண்டாமா? கேக்க நாதியில்லைன்னு நெனச்சீகளா?

பொன்னுராஜ்: ஏம்மா, திடீர்னு எதுக்கு இம்புட்டுச் சத்தம்?

சொர்ணலதா: சும்மா இருங்க. ஊரெல்லாம் சேதி சொல்ற அன்னத்தாய் ரோட்டுல போறா. அவ காதுல விழ வேண்டாமா?... போயிட்டா. ம். சொல்லுங்க, அந்தப் பனிநாட்டுல என்ன?

பொன்னுராஜ்: அம்புட்டுத்தேனா சண்டை?

சொர்ணலதா: அவளுக்கு அம்புட்டுப் போதும். மூச்சக் கல்லாப் பொறுக்குனாகன்னீகளே.

பொன்னுராஜ்: ஆமா... பொறுக்கி வீடு கட்டுனாக. குளுருக்குப் பயந்து செவருல ஓட்டையே விடல. நடுவீட்டுல அடுப்பு. பொகை போறதுக்குக் கூரையில மட்டும் ஒரே ஒரு பொத்தல். அதுக்கு அவுக பாசையில பேரு விண்டவ்கா. விண்டுன்னா காத்து. அவ்கான்னா கண்ணு.

சொர்ணலதா: காத்தோட கண்ணா?

பொன்னுராஜ்: காத்தோட கண்ணேதேன். அவுக கப்பலேறி இங்கிலாந்துக்குச் சண்டைக்குப் போனாக. போனவுக பாதிப்பேரு அங்கனயே குடியிருந்துட்டாக. இங்கிலாந்துக்காரன் அதுவரைக்கும் இத கண்ணு ஓட்டை, கண்ணு வாசல்னுதேன் சொல்லிக்கிட்டிருந்தான். காத்தோட கண்ணுன்னதும் அவனும் சொக்கிப்போயிட்டான். சண்டைக்கு வந்தவுக சொல்லே நெலைச்சுப்போச்சு.

சொர்ணலதா: பாக்கிறது மனுசன். கண்ணு காத்துக்கா?

பொன்னுராஜ்: அதத்தேன் நானும் ரா முழுக்க யோசிச்சேன். நாம வெளிய பாக்கிறதுக்குத்தேன் ஜன்னல்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். இல்ல... காத்து நம்மளப் பாக்கிறதுக்கு. கூரை மேல படுத்துக்கிட்டு ஒத்தக் கண்ண வச்சு உள்ள பாக்குமாம். யாரு தூங்குறா, யாரு முழிச்சுக் கெடக்கா, யாரு பேச ஆளில்லாம ஒத்தையில ஒக்காந்து கஞ்சி குடிக்கிறா...

சொர்ணலதா: ...இதெல்லாமா டிக்சனரியில போட்டிருக்கு?

பொன்னுராஜ்: கண்ணு வரைக்கும் டிக்சனரி. கஞ்சி நானாச் சேத்தது.

சொர்ணலதா: நெனச்சேன்... எங்க பந்தலுக்குள்ளயும் அப்படித்தேன் இருக்கும் கண்டக்டரே. மத்தியானத்துல ஆளுக எல்லாம் போனப்புறம், காத்து ஒரு பக்கமா எலையத் தூக்கி உள்ள பாக்கும். வெயிலு பொட்டுப் பொட்டா வந்து கையில விழுகும். யாரோ வந்து நிக்கிற மாதிரியே இருக்கும்.

பொன்னுராஜ்: அப்பத்தேன் நீங்க கொடிககூடப் பேசுவீக.

சொர்ணலதா: அது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?

பொன்னுராஜ்: செவருக்கு இங்கிட்டுத்தான எங் கட்டிலு. நேத்து மூணாவது வரிசைக் கொடியப் போட்டு அந்தத் திட்டுத் திட்டுனீகளே, பாவம், அது என்ன செஞ்சுச்சு?

சொர்ணலதா: காய்க்கல... அது கெடக்கட்டும். நாம சொல்ற ஜன்னலு?

பொன்னுராஜ்: போர்ச்சுக்கீசுக்காரன் கப்பல்ல கொண்டாந்தது. அதும் இரவல்தேன்.

சொர்ணலதா: இரவல் எதுக்கு? எங்க தமிழய்யா ஒரு சொல்லு சொல்லுவாக. காலதர். கால்னா காத்து, அதர்னா வழி. காத்து வர்ற வழி.

பொன்னுராஜ்: அடிசக்க! அது எங்க டிக்சனரியில இல்லையே!

சொர்ணலதா: அவுக காத்துக்குக் கண்ணு வச்சாக. நம்மாளுக வழிய விட்டாக.

பொன்னுராஜ்: இத அந்தப் பனிநாட்டுக்காரன் கேட்டா திரும்பவும் கப்பலேறிருவான்... ஆனா ஒண்ணு, அந்தச் சொல்லு இப்ப படாத பாடு படுது. எங்க பஸ்ல விண்டோ சீட்டுக்காக ஒரு கல்யாண வீடே ரெண்டாப் பிரிஞ்சு, பொண்ணு ஒரு பஸ்ல, மாப்பிள்ளை ஒரு பஸ்ல போனாக. டிக்கெட் குடுக்கிற பொந்து விண்டோ. கம்ப்யூட்டர்ல வர்ற கட்டம் விண்டோ. ஆஸ்பத்திரியில, இந்த நேரத்துக்குள்ள வந்தாத்தேன் டாக்டரு பாப்பாகன்னா, அந்த நேரமும் விண்டோ. செத்த நேரந்தேன் தொறந்திருக்கும். அப்புறம் சாத்திரும்.

சொர்ணலதா: இப்ப நமக்கு இருக்கிற மாதிரி.

பொன்னுராஜ்: இந்நேரம் வேன் சின்னமனூர் ரோட்ட விட்டுத் திரும்பியிருக்குமா?

சொர்ணலதா: தெரியல... ஆமா, மருந்தடிக்கிற அன்னைக்கு என்ன செய்வீக? நாத்தம் கொடலப் பெரட்டுமே.

பொன்னுராஜ்: ரெண்டு கதவு போட்ட ஜன்னல்தேன். சாத்திக்கிருவேன். மறுநா தொறந்து, நல்லாருக்கீகளான்னு கேப்பேன்.

சொர்ணலதா: மறுநா மட்டுந்தேனா?

பொன்னுராஜ்: என்ன சொன்னீக?

சொர்ணலதா: ஒண்ணுமில்ல. காத்து.

பொன்னுராஜ்: அந்தா, ராஜபாண்டி டீக்கடைய விட்டு எந்திரிச்சுட்டான். என்ன சொல்லட்டும்? இது ஒங்க எடத்தப் பாக்கிற செவரு. வேணாம்னா வேணாம். கெழக்க வச்சுக்கிர்றேன். இங்கன மேக்க இருந்துதேன் காத்து வருது, கெழக்க வச்சா அது குருடாத்தேன் போகும். போனா என்ன, நாலு நாளையில நானும் பழகிக்கிருவேன்.

சொர்ணலதா: செத்த இருங்க, போன் அடிக்குது... ஏலே அஜய், எங்கனப்பா வர்ற? ...ம். ம். ...நீ மொதல்ல வேன ஓரங்கட்டு. கோவத்துல ஓட்டாத. ...பாத்தேன். இப்ப அங்கனதேன் நிக்கிறேன். ...இல்லப்பா, தகரம் வேணாம். ஆட்டுக்கொட்டாயி ஒழுகுதுல்ல, அதுக்குப் போட்டுருவோம். ...யாரக் கேட்டு ஒடைச்சாகளா? ...என்னையக் கேட்டுத்தேன். ...ஆமாப்பா, நாந்தேன் சரின்னேன். எந் தோட்டம், என்னையக் கேட்டா பத்தாதா? ...ம். வா, வந்து சாப்புடு.

பொன்னுராஜ்: பெத்த மகன்கிட்டயே பொய் சொல்லிட்டீகளே தோட்டக்காரம்மா. நான் எப்ப ஒங்களக் கேட்டேன்?

சொர்ணலதா: நீங்க கேக்கல. நா சொன்னதும் பொய்யில்ல. ராஜபாண்டிக்குத் திசையும் மாறல. கெழக்க கெடந்த ஒங்க கரிக்கோட்ட அழிச்சுட்டு, மேக்க ஒடைக்கச் சொன்னது நாந்தேன். ஒரு கூடை பன்னீர்த் திராட்சை வாங்கிக்கிட்டுத்தேன் அவன் சம்மதிச்சான்.

பொன்னுராஜ்: அந்தக் கூடையில பாதிய அன்னைக்கே எனக்குக் கொண்டாந்து குடுத்து, சேதியையும் சொல்லிட்டான்... அது கெடக்கட்டும். கெழக்கச் செவர ஒடைக்கிறவன், மேக்க இருக்கிற ஒங்க தோட்டத்துக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு வந்து எதுக்கு அதச் சொல்லிட்டுப் போனேன்னு நெனச்சீக?