வாழ்க்கைத்துணி

அன்று மதியம் அவர் என்னிடம் பேசியது கதவைப் பற்றித்தான். எங்கள் படுக்கையறைக் கதவின் மேல் கீல் தளர்ந்து, கீழ்முனை தரையில் உரசும். திறந்தாலும் மூடினாலும் கரகரவென்று சத்தம் வரும். தரையில் வில் போல ஒரு தேய்மானக் கோடு விழுந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "ஊர்ல இருக்கற லிஃப்ட் கதவையெல்லாம் சத்தமில்லாம மூட வைக்கறேன். என் வீட்டுக் கதவு என்னைப் பாத்து காறித் துப்புது. சாயங்காலம் திருகு மாத்திடறேன்" என்றார். சரி என்றேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, அண்ணா. சாக நினைத்துதான் அவர் மாத்திரையை எடுத்தார் என்று உங்கள் கூட்டத்தில் சிலர் பேசிக்கொள்வதாகச் சொன்னீர்கள். சாயங்காலம் திருகு மாற்றப் போகிறவர் அப்படி நினைக்க மாட்டார். அந்தப் பேச்சு அவருக்குச் செய்யும் அநியாயம். இன்னொரு அநியாயத்தை நீங்கள் உங்களுக்கே செய்துகொள்கிறீர்கள். போன வாரம் வந்தபோது, கையிலிருந்த பழப்பையைக்கூடக் கீழே வைக்காமல், நின்றபடியே சொன்னீர்கள்: "அன்னைக்கு நான் போனை எடுத்திருந்தா அவன் இருந்திருப்பான்மா." தண்ணீர் கொடுத்தேன். நீங்கள் குடிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு மனது சரியில்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பிழை எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தில்தான் குறி போட வேண்டும். பக்கத்து எழுத்தில் போடுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம்.

எங்கள் கல்யாணப் பத்திரிகையை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம். கல்யாணப்பெண்ணே தன் பத்திரிகையைத் திருத்துவதா என்று சிரித்து, முதலாளி அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். 'வாழ்க்கைத்துணையாக' என்று வர வேண்டிய இடத்தில் 'வாழ்க்கைத்துணியாக' என்று அச்சாகி, ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. நான் இரண்டு நாள் அழுதேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்ல விடு. துணைன்னா சண்டை போட்டுப் போயிடும். துணின்னா உடம்போடயே இருக்கும்" என்றார். அன்று முதல் எனக்கு வீட்டில் துணி என்றுதான் பெயர். கடைத்தெருவில், நாலு பேர் நடுவில்கூட, "துணி, பையைக் கொடு" என்பார். யாருக்கும் புரியாது. எங்களுக்குப் புரியும்.

வேலையிடத்தில் அவரைப் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள், உங்களுக்கும் தெரியும். லிஃப்ட் குழிச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து வைத்த பெயர். அந்தப் பல்லி ஒரு நாள் பிடி நழுவிக் குழியின் அடியில் விழுந்தது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை என் கையில் கொடுத்து, "வேளை தவறாமக் குடுங்க, வலி ஏறவிட்டா அப்புறம் இறக்கறது கஷ்டம்" என்றார்கள். நான் வேளை தவறவில்லை.

அந்த வருடங்களைப் பற்றி அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், இருட்டு என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு முன் அவர் வீட்டில் தங்கியதே குறைவு. எந்த நேரத்திலும் எங்காவது ஒரு கட்டடத்தில் யாராவது மாட்டிக்கொண்டு நிற்பார்கள், இவர் ஓடுவார். விழுந்த பிறகு அவர் உலகம் ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கியது, அதில் நான் இருந்தேன். ஒரு சின்ன எவர்சில்வர் மூடியில் மாத்திரையை வைத்து, கூடவே தண்ணீர் எடுத்துக்கொண்டு போவேன். கதவு உரசும். அந்தச் சத்தம் கேட்டதும் தலையணையில் அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பும். ஒரு மனிதர் இன்னொருவர் வருவதற்காக அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. எண்ணெய் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பாவே கொடுத்தார். நான் விடவில்லை.

மருத்துவர் அளவைக் குறைக்கத் தொடங்கினார். இவர் தவித்தார். நான் வேறொரு மருத்துவரிடம் போய் எழுதி வாங்கினேன், பிறகு இன்னொருவரிடம். பாசமுள்ளவள் எவளும் செய்வதுதான்.

ஒரு நாள், நண்பர் ஒருவர் வந்து தன் வீட்டு லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லி ஆலோசனை கேட்டார். இவருக்கு ஒரு பாகத்தின் பெயர் வாயில் வரவில்லை. கையை இப்படியும் அப்படியும் சுழற்றிக் காட்டினார், வரவில்லை. நண்பர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "துணி, நான் இதை விடணும். கேட்டாலும் குடுக்காதே. கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதே. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா" என்றார்.

அவர் காலில் எல்லாம் விழவில்லை. வியர்த்துக் கொட்டியது, கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன, மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர். "ஒண்ணே ஒண்ணு" என்றார். கொடுத்தேன். சில மாதம் கழித்து மறுபடி முயன்றார். மறுபடி கேட்டார், கொடுத்தேன். இரண்டாம் முறை, முழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "நீ ரொம்ப நல்லவ. அதுதான் பிரச்சினையே" என்றார்.

அதன் பிறகுதான், மாத்திரையை விட நினைப்பவர்கள் சேரும் உங்கள் கூட்டத்துக்கு வந்தார். பாத்திரக் கடைக்கு மேலே அந்த மாடி, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், உறவுக்காரர்களுக்கு வெளியே படியோரம் ஒரு பெஞ்ச். கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா முதல் நாளே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஒவ்வொருத்தரும் ஒரு துணையைத் தேர்ந்தெடுக்கணும். ஆசை முட்டும்போது முதல்ல அவங்களைத்தான் கூப்பிடணும். குடும்பத்துல இருக்கறவங்க துணையா இருக்க முடியாது. அவங்க ரொம்பப் பக்கத்துல நிக்கறாங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில், "யாரை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "ஸ்கூல் பஸ் ஓட்டறாரே, ஹாரன்னு கூப்பிடறாங்களே, அவரைத்தான். அவர்தான் இனி என் துணை" என்றார். சொல்லும்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கு அது ஒரு சொல். நான் அந்தச் சொல்லை அச்சுக்குப் போகும் முன் எத்தனை பத்திரிகைகளில் சரிபார்த்திருக்கிறேன் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். சரியான எழுத்தோடு அது கடைசியில் உங்களுக்குப் போனது. எனக்குப் பிழை மட்டும் மிஞ்சியது.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் நன்றாகத்தான் செய்தீர்கள். முதல் வாரங்களில் மருத்துவமனையில் சேர்த்து, குறைத்துக் குறைத்து நிறுத்தினார்கள். நீங்கள் தினமும் போய் உட்கார்ந்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஆசை முட்டும் போதெல்லாம், "இரு, துணையைக் கூப்பிட்டுட்டு வரேன்" என்று பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கதவு உரசாது. கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். முதலில் தலை குனிந்திருக்கும். பிறகு மெல்ல நிமிரும். பிறகு சிரிப்பு. திரும்பி வந்து சாப்பிடுவார். "அண்ணன் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "சும்மா, பஸ்ல ஒரு பையன் வாந்தி எடுத்த கதை" என்பார்.

கடைசிப் பரிசோதனை அன்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிச்சம் மீதி மாத்திரை வீட்ல இருந்தா எல்லாத்தையும் கொண்டுவந்து குடுத்துடுங்க. அவர் உடம்பு இப்போ அதை மறந்துடுச்சு. பழைய அளவை எடுத்தா தாங்காது. எப்பவாவது வழக்கத்துக்கு மாறா, அடைச்ச மாதிரி குறட்டை கேட்டா, தூங்கறார்னு விட்டுடாதீங்க. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." நன்றாகப் புரியும்படி சொன்னார். நான் திருப்பிச் சொல்லியும் காட்டினேன். மறுநாள் பையோடு கொண்டுபோய் ஒப்படைத்தேன். ஒரே ஒரு அட்டையை மட்டும் என் தையல் டப்பாவில், நூல் உருண்டைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். பழைய பொருளைத் தூக்கி எறியக் கைவராத குணம் எனக்கு.

அன்று அவர் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். அரை நாள்தான். வந்து சாப்பிட்டார், கதவைப் பற்றிச் சொன்னார், படுத்தார். கொஞ்ச நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. வெந்நீர்ப் பை கொடுத்தேன். உதடு வெளுத்திருந்தது. வலி மட்டுமில்லை, அந்தப் பழையதும் கூடச் சேர்ந்து வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. உங்களைக் கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். பள்ளி விடும் நேரம். பிள்ளைகள் ஏறிய பிறகு நீங்கள் போனைத் தொட மாட்டீர்கள். அது உங்கள் நேர்மை. அதைப் போய்க் குற்றம் என்கிறீர்கள்.

அவர் போனை மார்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பசங்களை இறக்கிட்டுக் கூப்பிடுவார். அதுவரைக்கும் என்கூட உக்காரேன், துணி. பேசக்கூட வேணாம். சும்மா உக்காந்திரு, போதும்."

வெகுநாள் கழித்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உட்காரத்தான் போனேன். ஆனால் 'அதுவரைக்கும்' என்ற சொல் எனக்குள் எங்கோ இடறியது. ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது பிழையான இடத்தில் கண் நின்றுவிடுமே, அது மாதிரி. நீங்கள் வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்கும் ஆள் நான்.

எங்கள் வேலையில் ஒரு குறி உண்டு. நல்ல சொல் ஒன்றைத் தவறாகக் கோடு போட்டு அடித்துவிட்டால் அழித்து எழுத மாட்டோம். அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அச்சுக் கோர்ப்பவர் அதைப் பார்த்தால் அடித்ததை அடிக்காததாக எடுத்துக்கொள்வார். நான் எழுந்து போய்த் தையல் டப்பாவைத் திறந்தேன். எவர்சில்வர் மூடியில், பழைய நாட்களில் வைப்பது போலவே, அதே அளவு, வரிசையாக வைத்தேன். பக்கத்தில் தண்ணீர். கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தேன். கதவு உரசியபோது அவர் முகம் திரும்பியது.

மூடியைப் பார்த்தார். "இது எதுக்கு இங்க?" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

"எடுத்துட்டுப் போயிடு. தயவுசெஞ்சு" என்றார். அவர் மார்பிலிருந்த போனை எடுத்து, "சார்ஜ் இல்ல, போட்டுட்டு வரேன்" என்றேன். அதில் பாதிக்கு மேல் இருந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன்.

சமையலறை மேசையில் ஒரு பள்ளி ஆண்டுமலரின் தாள்கள் கிடந்தன. திருத்த உட்கார்ந்தேன். அவர் என்னை ஒருமுறை கூப்பிட்டார். நான் படித்துக்கொண்டிருந்த பத்தியை முடித்தேன். பிறகு உள்ளே, தலைமாட்டில் தண்ணீர் டம்ளர் வைக்கப்படும் சத்தம். இன்னும் சில தாள்கள். பிறகு குறட்டை, மருத்துவர் சொன்ன மாதிரியே, அடைத்துக்கொண்டு.

அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். "ரெண்டு தடவை அடிச்சிருக்கானேம்மா, என்ன விஷயம்?" என்று கேட்டீர்கள். "முதல் நாள் வேலை இல்லையா அண்ணா, அசதி. தூங்கறார்" என்றேன். "நல்லாத் தூங்கறானா?" என்றீர்கள். "குறட்டை விடறார்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "விடட்டும் விடட்டும். எழுப்பாதே. எந்திரிச்சதும் பேசச் சொல்லு" என்றீர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தானே உங்களை நீங்கள் மன்னிக்க முடியவில்லை என்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். நான் உங்களிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டு எழுந்து ஓடிவர வேண்டியதும் உங்கள் வேலை இல்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். மூடி காலியாக இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கேட்டபடியே, பேசாமல், சும்மா. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. வெளியே பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கையை ஒரு கணம்கூட விடவில்லை. கை குளிர்ந்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஒளித்து வைத்திருப்பார், இவர்கள் எல்லாம் அப்படித்தான் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஆகவே, அண்ணா, என் கணவரைக் கொன்றது நான். நீங்கள் இல்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அவர் கடைசி நேரத்தில் தனியாக இல்லை என்பதையும் அவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள். கூட இருந்தது நான்தான். துணை என்ற சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் கிளம்பும்போது கதவைத் திறந்து மூடிப் பார்த்தீர்கள். மேல் கீலில் ஒரே ஒரு திருகுதான், நானே மாட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றீர்கள். அது இன்னும் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. இருக்கட்டும்.