நட்ட குச்சியும் காலுக்குள் வைத்த துண்டும்

தேனியில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவரும் அவருடைய அக்காளும் இருந்தார்கள். திராட்சைப் பந்தலின் கல்தூண் விழுந்து நொறுங்கிய காலுக்குள், எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ள துளைகள் உள்ள ஏதோ துண்டு வைத்துத் தைத்திருந்தார்களாம்.

“படத்துல என்னத்தக்கா தெரியும்? அறுத்துப் பாத்தாத்தான் நம்புவேன்.”

“ஏலே, வேர் விட்டுருச்சான்னு நட்ட குச்சியத் தெனமும் பிடுங்கிப் பாத்தே அரை ஏக்கரு திராட்சையக் கருக்குனவன்தான நீயி?”

“அது வேற.”

“என்னத்த வேற? அறுக்காமப் பாக்கத்தான இங்கன அனுப்புனாக! எலும்பு பிடிக்கலைன்னா மறுபடியும் ஆப்பரேசன்னு டாக்டரு சொன்னாகல்ல?”

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் ஸ்கேன் எடுத்து வந்து வெகுநேரம் கழித்து டாக்டரம்மா படத்தோடு வந்தார். “துண்டுக்குள்ள எலும்பு வளர ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு மாசம் காலை ஊன்றக் கூடாது.”

டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், இவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

“என்னலே பண்ற?”

“நெசமாவே பிடிச்சிருக்கான்னு லேசா ஊண்டிப் பாக்குறேன்க்கா.”

அக்காள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“பிடுங்காதடா, பாவி! இப்பத்தான் வேர் விட்டிருக்கு.”