மூன்றாவது பந்து

தையல்காரர்: டிரைவர் தம்பி, திரைய இன்னும் கொஞ்சம் இழுத்து விடுங்க. சிஸ்டர் கண்ணு இங்கயேதான் இருக்கு.

டிரைவர்: மெதுவா பேசுங்க மாஸ்டர். நெஞ்சத் திறந்து தைச்சு பத்து நாள்கூட ஆகல, உங்க சத்தம் மட்டும் குறையவே இல்ல.

தையல்காரர்: இது ஒரு தையலா? கோணல் மாணலா... என் கடையில இப்படித் தைச்சா துணிய மூஞ்சியில வீசிட்டுப் போவாங்க.

டிரைவர்: சிரிக்க வைக்காதீங்க, எனக்கும் அதே தையல்தான்... ஐயோ... தலகாணி! தலகாணியக் குடுங்க!

தையல்காரர்: இந்தாங்க, நெஞ்சோட அணைச்சுக்குங்க. சிரிச்சு முடிச்சாச்சா? சிஸ்டர் என்னை இழுக்கச் சொல்றப்ப நீங்க உங்க மூச்சுப் பயிற்சிப் பந்து டப்பாவ இழுக்கணும்.

டிரைவர்: திருட்டுத்தனமாவா?

தையல்காரர்: உதவின்னு சொல்லுங்க. மூச்ச இழுத்தா மூணு பந்தும் மேல போய் முட்டணும், அப்பத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்னுட்டாரு பெரிய டாக்டர். சிஸ்டரம்மா மேசைகிட்ட உக்காந்தபடியே 'டக் டக்'னு சத்தத்தத்தான் எண்ணுது. யார் இழுத்ததுன்னு சத்தத்துக்குத் தெரியுமா?

டிரைவர்: எனக்கே ரெண்டுதான் ஏறுது. தாள்ல எழுதியிருக்கு, பாருங்க.

தையல்காரர்: எனக்கு ஒண்ணே தத்தளிக்குது. நாலு மணிக்கு வீட்டுக்காரி சலவைச் சட்டையோட வந்து நிப்பா. தம் கட்டி இழுங்க.

நர்ஸ்: ரெண்டாம் கட்டில் மாஸ்டர்! இழுங்க, கேட்டுட்டிருக்கேன்.

தையல்காரர்: இதோ சிஸ்டர்!... ம், இழுங்க தம்பி.

டிரைவர்: ம்ம்ம்ம்...

நர்ஸ்: ஒண்ணு... ரெண்டு... அப்புறம்?

டிரைவர்: ம்ம்... ப்ஹா!

நர்ஸ்: அவ்வளவுதானா? இன்னைக்கு வீடு கிடையாது மாஸ்டர். நாளைக்குப் பாப்போம்.

தையல்காரர்: அநியாயம் சிஸ்டர்!

நர்ஸ்: அத உங்க நுரையீரல்கிட்டச் சொல்லுங்க. நான் மாடிக்குப் போறேன்.

டிரைவர்: ...மாஸ்டர். கோவமா?

தையல்காரர்: என்னத்தக் கோவப்பட்டு...

டிரைவர்: ஒண்ணு சொல்லணும். மூணாவது ஏறப் பாத்துச்சு. நான்தான் மூச்ச விட்டுட்டேன்.

தையல்காரர்: அடப்பாவி!

டிரைவர்: எனக்கு நாலு நாளா மூணும் ஏறுது. ரெண்டுன்னு நடிக்கிறேன். அஞ்சாம் நாள் என் இதயம் தாறுமாறா ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? எனக்கு ஒண்ணுமே தெரியல, ஜன்னலப் பாத்துட்டிருந்தேன். நெஞ்சுல ஒயர் மாட்டியிருக்கே, இந்த மெஷின் கத்துச்சு, நாலு பேர் ஓடி வந்தாங்க. வீட்டுல எது கத்தும்?

தையல்காரர்: வீட்டுல இருக்கறவங்க கத்துவாங்க.

டிரைவர்: எங்க வீட்டுல எல்லாரும் எப்பவுமே கத்துவாங்க மாஸ்டர். எது எதுக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தையல்காரர்: அதுக்கு என்னையும் ஏன்யா பிடிச்சு வைக்கிற?

டிரைவர்: நீங்களும் போயிட்டா இந்த மெஷினும் நானும்தான்... தப்புதான். நாளைக்கு சத்தியமா மூணும் ஏத்தித் தர்றேன்.

தையல்காரர்: ஐயையோ, வேண்டவே வேண்டாம்!

டிரைவர்: ஏன்?

தையல்காரர்: போர்வைக்குள்ள நீங்க மூணு ஏத்துற சத்தம் என் காதுல விழாதா? எனக்கும் வீட்டுக்குப் போக அதே பயந்தான்; சிஸ்டர் கேக்கறப்ப ரெண்டோட நிறுத்திடுவீங்கன்னு நம்பித்தான் உங்ககிட்டக் கேட்டேன். நானே இழுத்திருந்தா இந்நேரம் சட்டைய மாட்டி அனுப்பியிருப்பாங்க... எவ்வளவு மெதுவா இழுத்தாலும், பாழாப்போனது, மூணும் ஏறிடுது தம்பி!