அப்பாவின் பேரை வெட்டிய பிள்ளை

"அப்பா, நான் உங்கட பேரை வெட்டிப்போட்டன்."

மார்க்கம் ரோட்டில் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த இளம்பெண்தான் பக்கத்திலிருந்த தகப்பனிடம் அப்படிச் சொன்னாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

"எதில இருந்து?"

"வேலைக்கு அனுப்பின ரெசுமேயில இருந்து. ஜெனனி பாலசுப்பிரமணியம் எண்டு போட்ட நேரம் அந்தக் கொம்பனி உடனயே வேண்டாம் எண்டது. அதே படிப்பு, அதே அனுபவம், ஜென் பால் எண்டு திருப்பி அனுப்பினன். இண்டைக்கு மனேஜர் போன் எடுக்கிறாவாம்."

"முதல் வேண்டாம் எண்டது ஆர்?"

"ஆளில்லை அப்பா, ஏஐ. முந்தி வேலைக்கு எடுத்த ஆக்களைப் பார்த்துப் பழகின மெசின்."

"உதுக்கொரு சட்டம் இல்லையோ?"

"மெசின் பார்க்குது எண்டு வேலை விளம்பரத்தில சொல்லவேணும் எண்டு சட்டம். சொல்லித்தான் இருக்கினம். ஏன் தள்ளினது எண்டு சொல்லத் தேவையில்லையாம்."

தகப்பன் சிரித்தார். "நான் அகதியா வந்து இறங்கேக்க, இமிகிரேசன்காரன் மூச்சு வாங்கி வாங்கி முழுப்பேரையும் எழுதினவன், பிள்ளை."

அவளுடைய போன் அடித்தது.

"எடு, எடு" என்றார். அவள் இங்கிலீசில் கதைத்து முடிக்கும்வரை வாயைக் கையால் பொத்தி, வந்த இருமலையும் அடக்கிக்கொண்டு இருந்தார்.

"என்னவாம்?"

"திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரட்டாம்." போனைப் பைக்குள் வைத்தாள். "நல்ல மனுசி, அப்பா. 'உம்மட பேரை நான் சரியாச் சொல்லுறனோ' எண்டு கேட்டவா."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன்."